டவுன்லோட் ஆன ஃபைலுக்கு எக்ஸ்டென்ஷன் மாறிப்போவது ஏன்?

ஒரு படத்தைச் சேமித்தால் .ஜேஎஃப்ஐஎஃப் என்று இறங்குகிறது. பிடிஎஃப் என்று நம்பி அழுத்தியது 'டவுன்லோட்.பிஎச்பி' என்ற பெயரில் வந்து உட்காருகிறது. வேர்ட் ஆவணம் ஜிப் ஆகிவிடுகிறது. இப்படி நடந்ததும் பலர் பிரவுசரை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பார்க்கிறார்கள். அதனால் பலன் கிடைப்பது அரிது, ஏனென்றால் பெயர் கெட்டது பெரும்பாலும் பிரவுசரில் இல்லை. ஃபைலை அனுப்பும் சர்வர், இணைப்பின் முகவரி, கணினியின் இயங்குதளம் ஆகிய மூன்றும் ஆளுக்கொரு தகவல் தருகின்றன. அவற்றை வைத்து பிரவுசர் ஒரு பெயர் சூட்டுகிறது. இவற்றில் எது தவறான தகவலைத் தந்தது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது சில நிமிட வேலை.

## எக்ஸ்டென்ஷன் என்பது பெயரின் வால் மட்டுமே

ஃபைல் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வருவது எக்ஸ்டென்ஷன். டாஸ் காலத்தில் பெயருக்கு 8 எழுத்து, வாலுக்கு 3 எழுத்து என்று வரம்பு இருந்தது. .ஜேபெக் என்பது .ஜேபிஜி ஆனதும், .ஹெச்டிஎம்எல் சில இடங்களில் .ஹெச்டிஎம் என்று நிற்பதும் அந்த வரம்பின் மிச்சம்தான். ஃபைலின் உள்ளடக்கத்துக்கும் இந்த வாலுக்கும் எந்தக் கட்டும் கிடையாது. வாலை மாற்றினால் உள்ளே ஒரு பைட்கூட மாறாது. ஆனால் இரட்டைக் கிளிக் செய்ததும் எந்தச் செயலியைத் திறப்பது என்பதை விண்டோஸ் இந்த வாலைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

இணையம் இந்த வாலை நம்பி இயங்குவதில்லை. மின்னஞ்சலில் படங்களையும் இணைப்புகளையும் அனுப்புவதற்காக 1992-இல் மைம் என்ற வரையறை வந்தது. 'டெக்ஸ்ட்/பிளெயின்', 'இமேஜ்/ஜேபெக்', 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று உள்ளடக்கத்தின் வகையைச் சொல்லும் சீட்டு அது. பின்னர் வலையும் அதையே எடுத்துக்கொண்டது. சர்வர் ஒவ்வொரு ஃபைலையும் அனுப்பும்போது, அதற்கு முன்னால் 'காண்டென்ட்-டைப்' என்ற ஹெடர் வரியில் இந்தச் சீட்டை ஒட்டி அனுப்புகிறது. ஆக, வலையில் வகை என்பது சீட்டு. வட்டில் வகை என்பது வால். சீட்டை வாலாக மாற்றும் வேலை பிரவுசருடையது.

## பிரவுசர் பெயரைத் தேடும் வரிசை

1. முதலில் 'காண்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்ற ஹெடர். "இதைத் திரையில் காட்டாதே, சேமி, பெயர் இது" என்று சர்வர் நேரடியாகச் சொல்லும் இடம் இது. பெயர் இங்கே இருந்தால் மற்றதெல்லாம் பின்னுக்குப் போய்விடும்.

2. அது இல்லாவிட்டால், பக்கத்தை எழுதியவர் இணைப்பில் 'டவுன்லோட்' என்ற பண்பைப் போட்டு ஒரு பெயர் கொடுத்திருக்கலாம். ஃபைல் வேறொரு தளத்திலிருந்து வந்தால் குரோமும் ஃபயர்பாக்ஸும் இந்தப் பண்பைக் கண்டுகொள்வதில்லை.

3. அதுவும் இல்லையென்றால் முகவரியின் கடைசித் துண்டு. முகவரி 'டவுன்லோட்.பிஎச்பி?ஐடி=12' என்று முடிந்தால், கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பதே பெயர். மர்மமாகத் தெரியும் .பிஎச்பி ஃபைல்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை. உள்ளே பிஎச்பி (சர்வரில் ஓடும் ஒரு நிரல்மொழி) நிரல் எதுவும் இருக்காது. கேட்ட பிடிஎஃப்பே பெயர் மாறி வந்திருக்கும்.

4. கிடைத்த பெயருக்கு வாலே இல்லையென்றால், பிரவுசர் சீட்டைப் பார்த்து ஒரு வாலை ஒட்டும். எந்த வகைக்கு எந்த வால் என்ற அட்டவணையை அது இயங்குதளத்திடமே கேட்கும். விண்டோஸில் அந்த அட்டவணை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) இருக்கிறது.

சீட்டு இல்லாமலோ, 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று மொட்டையாகவோ வருவதும் உண்டு. "ஏதோ பைட்டுகள், என்னவென்று தெரியாது" என்பதுதான் அதன் பொருள். சீட்டே இல்லாதபோது பிரவுசர் ஃபைலின் தொடக்கத்தை முகர்ந்து பார்த்து வகையை ஊகிக்கும். சர்வர் 'நோஸ்னிஃப்' என்ற ஹெடரை அனுப்பியிருந்தால் இந்த மோப்ப வேலையும் பெருமளவு கட்டுப்படுத்தப்படும்.

## முதலில் செய்ய வேண்டியது: வால் தெரிகிறதா என்று பார்ப்பது

விண்டோஸ் தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை இயல்பாகவே மறைத்து வைக்கிறது. இது மோசமான இயல்பமைப்பு; சரிபார்க்கத் தொடங்கும் முன் மாற்றிவிடுவது நல்லது. விண்டோஸ் 11-இல் ஃபைல் எக்ஸ்புளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ். விண்டோஸ் 10-இல் வியூ பட்டையிலேயே அதற்கான கட்டம் இருக்கிறது. மேக்கில் ஃபைண்டர் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு பகுதி.

இதைச் செய்யாமல் பெயரை மாற்றப் போனால் 'படம்.ஜேபிஜி' என்று தட்டச்சிடுவீர்கள். வட்டில் அது 'படம்.ஜேபிஜி.ஜேஎஃப்ஐஎஃப்' ஆக இருக்கும். "பெயரை மாற்றியும் திறக்கவில்லை" என்ற புகார்களில் கணிசமானவை இப்படி வந்தவை.

.சிஆர்டவுன்லோட் (குரோம், எட்ஜ்), .பார்ட் (ஃபயர்பாக்ஸ்), .டவுன்லோட் (சஃபாரி) ஆகிய மூன்றையும் தவறான எக்ஸ்டென்ஷன் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை பாதியில் நிற்கும் டவுன்லோடுகள். வாலை வெட்டினாலும் ஃபைல் முழுமையாகாது. மறுபடி இறக்க வேண்டியதுதான்.

## உள்ளே இருப்பது என்ன?

பெயர் பொய் சொல்லலாம், சீட்டும் பொய் சொல்லலாம். ஃபைலின் முதல் சில பைட்டுகள் பொய் சொல்வது அரிது. நோட்பேடில் ஃபைலைத் திறந்தால் (சில எம்பி அளவுள்ளதாக இருந்தால் போதும், பெரிய வீடியோக்களை இப்படித் திறக்க வேண்டாம்) புரியாத குறிகளுக்கு நடுவே தொடக்கத்தில் சில எழுத்துகள் தெளிவாகத் தெரியும். பின்வருபவை ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும்:

- சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும், பின்னால் 1.4, 1.7 போல ஓர் எண்ணும்: பிடிஎஃப்.
- பிகே: ஜிப். அந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள்.
- ஏழாவது பைட்டிலிருந்து ஜேஎஃப்ஐஎஃப், அல்லது எக்ஸிஃப்: ஜேபெக் படம்.
- இரண்டாவது பைட்டிலிருந்து பிஎன்ஜி: பிஎன்ஜி படம்.
- ரிஃப், சற்றுத் தள்ளி வெப்பி: வெப்பி படம்.
- எம்இசட்: விண்டோஸில் ஓடக்கூடிய நிரல். படம் என்றோ ஆவணம் என்றோ இறக்கிய ஃபைல் இப்படித் தொடங்கினால் அழித்துவிடுங்கள்.
- கோணக்குறியும் டாக்டைப் ஹெச்டிஎம்எல்லும்: வலைப்பக்கம்.

பழைய வேர்ட், எக்ஸெல் ஃபைல்கள் டி0 சிஎஃப் 11 இ0 என்ற பைட்டுகளில் தொடங்கும். நோட்பேடில் அது வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். பைட்டுகளை எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் பார்த்தால் 'டாக்ஃபைல்' என்ற சொல்லை எண்களால் எழுதிய குறும்பு புரியும்.

பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடுங்கள். நோட்பேடில் சேவ் அழுத்தினால் எழுத்தல்லாத பைட்டுகள் மாறிப்போய், நல்ல ஃபைலும் அதோடு பாழாகும். லினக்ஸிலும் மேக்கிலும் இந்தச் சிரமம் இல்லை. டெர்மினலில் 'ஃபைல்' என்ற கட்டளைக்குப் பின்னால் பெயரைக் கொடுத்தால் வகையைச் சொல்லிவிடும்.

'பிகே' என்று தொடங்கினால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. .டாக்எக்ஸ், .எக்ஸ்எல்எஸ்எக்ஸ், .பிபிடிஎக்ஸ், .ஏபிகே, .இபப், .ஜார் எல்லாமே உள்ளுக்குள் ஜிப்தான். வகை தெரியாத சர்வர் 'அப்ளிகேஷன்/ஜிப்' என்று சீட்டு ஒட்டினாலோ, பிரவுசர் மோப்பம் பிடித்து ஜிப் என்று முடிவு செய்தாலோ வேர்ட் ஆவணம் ஜிப்பாக இறங்கும். அதை விரித்துப் பாருங்கள்: 'வேர்ட்' என்ற ஃபோல்டர் இருந்தால் .டாக்எக்ஸ், 'எக்ஸ்எல்' இருந்தால் .எக்ஸ்எல்எஸ்எக்ஸ், 'பிபிடி' இருந்தால் .பிபிடிஎக்ஸ், ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட் இருந்தால் .ஏபிகே. இங்கே வாலை மட்டும் மாற்றினால் போதும். விரித்ததை மறுபடி கட்ட வேண்டியதில்லை, முதலில் இறங்கிய ஃபைலையே பெயர் மாற்றுங்கள்.

## ஜேஎஃப்ஐஎஃப்: ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி

'ஜேபெக் ஃபைல் இன்டர்சேஞ்ச் ஃபார்மட்' என்பதன் சுருக்கம்தான் ஜேஎஃப்ஐஎஃப். நாம் ஜேபிஜி என்று அழைக்கும் படங்களில் பெரும்பாலானவை இந்த வடிவில்தான் இருக்கின்றன. ஆகவே .ஜேஎஃப்ஐஎஃப் என்பதை .ஜேபிஜி என்று பெயர் மாற்றினால் எந்த இழப்பும் இல்லை. ஆனால் பல விண்ணப்பத் தளங்களின் அப்லோட் படிவம் .ஜேபிஜி, .பிஎன்ஜி என்று வாலை மட்டும் பார்த்து ஏற்கும்; .ஜேஎஃப்ஐஎஃப் என்று கண்டதும் தள்ளிவிடும்.

இது வருவது மேலே சொன்ன நான்காம் படியில். முகவரியில் வால் இல்லாத படம், 'இமேஜ்/ஜேபெக்' என்ற சீட்டு. குரோமோ எட்ஜோ விண்டோஸிடம் "இதற்கு என்ன வால்?" என்று கேட்கிறது. ரெஜிஸ்ட்ரியில் பதில் .ஜேஎஃப்ஐஎஃப் என்று இருக்கிறது. ஒரே கணினியில் சில படங்கள் .ஜேபிஜி ஆகவும் சில .ஜேஎஃப்ஐஎஃப் ஆகவும் இறங்குவதற்குக் காரணமும் இதுவே: முகவரியில் ஏற்கெனவே வால் இருந்த படத்துக்கு அட்டவணையைப் பார்க்கும் தேவை எழவில்லை.

நிரந்தரமாக மாற்ற:

1. விண்டோஸ் பொத்தானோடு ஆர் அழுத்தி, ரெஜிஸ்ட்ரி எடிட்டரின் கட்டளையான 'ரெஜெடிட்' என்பதை ஆங்கிலத்தில் தட்டச்சிடுங்கள். நிர்வாகி அனுமதி தேவை.
2. இடதுபுற மரத்தில் ஹெச்கீ கிளாசஸ் ரூட், மைம், டேட்டாபேஸ், காண்டென்ட் டைப், இமேஜ்/ஜேபெக் என்று வரிசையாக இறங்குங்கள்.
3. அந்தக் கடைசிக் கீயின்மேல் வலக் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.
4. வலதுபுறம் 'எக்ஸ்டென்ஷன்' என்ற மதிப்பை இரட்டைக் கிளிக் செய்து .ஜேபிஜி என்று மாற்றுங்கள். தொடக்கத்தில் புள்ளி இருக்க வேண்டும்.
5. பிரவுசரின் எல்லா ஜன்னல்களையும் மூடித் திறங்கள்.

மற்ற வகைகளுக்கும் இதே இடம்தான். ஏதாவது ஒரு மென்பொருள் நிறுவும்போது இந்த அட்டவணையில் கைவைத்துவிட்டுப் போனால், அந்த ஒரு வகை மட்டும் எந்தத் தளத்திலிருந்து இறக்கினாலும் ஒரே மாதிரி தவறும். இது நல்ல அடையாளம்: எல்லாத் தளத்திலும் தவறினால் உங்கள் கணினி, ஒரு தளத்தில் மட்டும் தவறினால் அந்த சர்வர். ஃபயர்பாக்ஸில் மட்டும் தவறினால், அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரில் உள்ள 'ஹேண்ட்லர்ஸ்' என்ற ஜேசன் ஃபைலைப் பிரவுசரை மூடிவிட்டுப் பெயர் மாற்றி வையுங்கள். அடுத்த முறை திறக்கும்போது புதிதாக உருவாகும்.

## வெப்பி: பெயரை மாற்றினால் மட்டும் போதாது

முகவரி .ஜேபிஜி என்று முடிகிறது, இறங்குவது .வெப்பி. தவறு எதுவும் நடக்கவில்லை. எந்தெந்தப் பட வகைகளைத் தன்னால் காட்ட முடியும் என்ற பட்டியலைப் பிரவுசர் ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்புகிறது. அதில் வெப்பி இருப்பதைப் பார்த்து, சிறிய அளவில் முடியும் என்பதால் சர்வர் வெப்பியையே தருகிறது. வாலை .ஜேபிஜி என்று மாற்றினால் சில செயலிகள் உள்ளடக்கத்தைப் பார்த்துத் திறந்துவிடும்; சில "ஃபைல் கெட்டுவிட்டது" என்று அடம்பிடிக்கும். வெப்பியும் ஜேபெக்கும் வேறுவேறு வடிவங்கள். படத் தொகுப்புச் செயலியில் திறந்து 'சேவ் ஆஸ்' வழியாக ஜேபெக்காகச் சேமிப்பதே முறை.

## பிடிஎஃப் என்ற பெயரில் ஒரு லாகின் பக்கம்

நீண்ட நேரம் திறந்து வைத்த தளத்தில் டவுன்லோட் அழுத்தும்போது இது அதிகம் நடக்கும். உள்நுழைவின் காலம் முடிந்திருக்கும். ஃபைலுக்குப் பதில் சர்வர் லாகின் பக்கத்தை அனுப்புகிறது. அது .ஹெச்டிஎம் ஆக இறங்கினால் பிழைத்தோம்; .பிடிஎஃப் என்ற பெயரிலேயே இறங்கினால் ரீடர் "திறக்க இயலாது" என்று மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது.

அளவைப் பாருங்கள். 40 பக்க ஆவணம் 9 கேபியில் இருக்காது. வெவ்வேறு ஆவணங்கள் நான்கை இறக்கினால் நான்கும் ஒரே அளவில் இருக்கின்றனவா? அப்படியென்றால் நான்கும் ஒரே லாகின் பக்கம்தான். தனி டவுன்லோட் மேனேஜர்களில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் நீங்கள் உள்நுழைந்ததைச் சர்வருக்குக் காட்டும் குக்கி பிரவுசரில் இருக்கிறது, அவற்றிடம் இருப்பதில்லை. மறுபடி உள்நுழைந்து, பிரவுசரிலேயே இறக்கினால் சரியாகும்.

எக்ஸெல் "வடிவமும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை" என்று எச்சரிப்பதும் இதன் உறவுதான். பல இணையச் செயலிகள் ஓர் ஹெச்டிஎம்எல் அட்டவணைக்கு .எக்ஸ்எல்எஸ் என்று பெயரிட்டு அறிக்கை என்று அனுப்புகின்றன. எக்ஸெல் அதைத் திறக்கும், ஆனால் சந்தேகப்பட்டபடியே திறக்கும். நம்பகமான இடத்திலிருந்து வந்ததென்றால் திறந்து .எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆகச் சேமித்துக்கொள்ளலாம். உண்மையில் திருத்த வேண்டியவர் அந்தச் செயலியை எழுதியவர்.

.டார்.ஜிஇசட் (ஜிஜிப் முறையில் சுருக்கிய ஃபைல் தொகுப்பு) பற்றி ஒரு வார்த்தை. சில சர்வர்கள் ஜிஜிப்பை 'ஃபைலின் வகை' என்று சொல்லாமல் 'வழியில் சுருக்கி அனுப்பியது' என்று சொல்லிவிடும். பிரவுசர் சுருக்கத்தை அவிழ்த்துவிட்டுப் பெயரை அப்படியே விட்டுவிடும்; பிறகு அவிழ்க்கப் போனால் "இது ஜிஜிப் அல்ல" என்ற பிழை வரும். .ஜிஇசட் வாலை நீக்கிப் பாருங்கள். சஃபாரியில் 'பாதுகாப்பான ஃபைல்களைத் திற' என்ற தேர்வு இயங்கினால் ஜிப்புகள் தாமாகவே விரிந்துகொள்ளும். ஜெனரல் பகுதியில் அணைத்துவிடலாம்.

## இடைவெளியும் தமிழ்ப் பெயரும்

சர்வர் பெயரை மேற்கோள் குறிக்குள் போடாமல் 'மார்ச் அறிக்கை.பிடிஎஃப்' என்று அனுப்பினால், இலக்கணப்படி பெயர் 'மார்ச்' என்பதோடு முடிகிறது. குரோம் தாராளமாக முழுவதையும் எடுத்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸ் நீண்ட காலம் விதியைப் பிடித்துக்கொண்டு முதல் இடைவெளியிலேயே வெட்டியது. வால் இல்லாத 'மார்ச்' மட்டும் இறங்கியது. "குரோமில் சரியாக வருகிறதே" என்று பழி ஃபயர்பாக்ஸ்மேல் விழுந்தது, ஆனால் குற்றம் சர்வருடையது.

தமிழ்ப் பெயர்களுக்கு இன்னொரு சங்கடம். 'கோப்பு' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் 6 குறியீடு. அதை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 18 பைட். முகவரிக்கான சதவீதக் குறியீட்டில் 54 எழுத்து. லினக்ஸின் வழக்கமான ஃபைல் அமைப்பில் ஒரு பெயருக்கு வரம்பு 255 பைட். நான்கு பைட் வாலுக்குப் போக, தமிழில் 83 குறியீடுகள்தான் மிச்சம். ஒரு நீண்ட அரசாணைத் தலைப்பு அதை எளிதாகத் தாண்டும். பெயரைக் கடைசியில் வெட்டும் நிரல் எதுவானாலும் முதலில் பறிபோவது எக்ஸ்டென்ஷன்தான். பெயர் முழுக்க மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் மாறி மாறி வந்தால், யூடிஎஃப்-8 பைட்டுகளைப் பழைய லத்தீன் குறியாக்கமாகப் படித்திருக்கிறது என்று பொருள்.

## சர்வர் உங்கள் கையில் இருந்தால்

சர்வர் என்ன சொல்கிறது என்று நேரில் பாருங்கள். எஃப்12 அழுத்தி, நெட்வொர்க் தாவலைத் திறந்து வைத்துக்கொண்டு இணைப்பைச் சொடுக்குங்கள். வரும் வரியில் ரெஸ்பான்ஸ் ஹெடர்ஸ் பகுதியில் காண்டென்ட்-டைப், காண்டென்ட்-டிஸ்பொசிஷன் இரண்டும் தெரியும்.

1. ஃபைலுக்குரிய சரியான வகையைச் சொல்லுங்கள். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், ஐஐஎஸ் ஆகிய சர்வர் மென்பொருள்களில் இதன் வழி வேறுபடும். அப்பாச்சியில் 'ஆட்டைப்' கட்டளை. என்ஜின்எக்ஸில் 'டைப்ஸ்' தொகுதியை உள்ளே ஓரிடத்தில் எழுதினால் அது பொது அட்டவணையோடு சேராது, அதை முழுவதுமாக மாற்றிவிடும். ஒரு வகையைச் சேர்க்கப் போய் மற்றதெல்லாம் ஆக்டெட்-ஸ்ட்ரீம் ஆவது இப்படித்தான். ஐஐஎஸ் தனக்குத் தெரியாத வாலுள்ள ஃபைலைத் தரவே மறுத்து 404.3 பிழை காட்டும்.

2. பெயரை இரண்டு முறை சொல்லுங்கள். மேற்கோளுக்குள் எளிய ஆங்கிலப் பெயர் ஒன்று 'ஃபைல்நேம்' என்பதில். முழுத் தமிழ்ப் பெயர் சதவீதக் குறியீட்டில், நட்சத்திரக் குறியுள்ள 'ஃபைல்நேம்*' என்பதில். 2011-இல் வந்த இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 6266 சொல்லும் முறை இது. இன்றைய பிரவுசர்கள் நட்சத்திரமுள்ளதை எடுத்துக்கொள்ளும்.

3. பிஎச்பியில் ஹெடர் வரிகளுக்கு முன்னால் ஒரு வெற்று வரிகூட வெளியே போகக் கூடாது. நிரல் ஃபைலைச் சேமித்த எடிட்டர் தொடக்கத்தில் பிஓஎம் என்ற 3 பைட் குறியைச் சேர்த்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த மூன்றும் முதலில் போய்விடும். அவுட்புட் பஃபரிங் (வெளியீட்டை உடனே அனுப்பாமல் சேர்த்துவைக்கும் வசதி) அணைந்திருந்தால் அதன்பின் ஹெடர்கள் போகாது. வகை 'டெக்ஸ்ட்/ஹெச்டிஎம்எல்' ஆகும், பெயர் 'டவுன்லோட்.பிஎச்பி' ஆகும். பஃபரிங் இயங்கினால் ஹெடர்கள் ஒழுங்காகப் போகும், ஆனால் ஃபைலின் தலையில் அந்த 3 பைட் ஒட்டிக்கொண்டிருக்கும். பெயர் சரி, படம் மட்டும் திறக்கவில்லை என்ற நிலை அப்படி வருவது.

திருத்திய பிறகு அதே ஜன்னலில் சோதித்தால் பழைய ஹெடரே கேஷிலிருந்து (முன்பு சேமித்து வைத்த நகல்) வரலாம். பிரைவேட் ஜன்னலில் சோதியுங்கள். நடுவில் சிடிஎன் (ஃபைல்களின் நகலை வைத்துத் தரும் இடைச் சர்வர்கள்) இருந்தால் அந்த முகவரியின் கேஷையும் அழித்துவிட்டுச் சோதியுங்கள்.